கவர்னரின் சொந்தத் தெரு

கார்வர் நகரமன்றத்தில் ரோனி கோவாலிக் முதன்முதலாக எழுந்து பேசிய நாளில், அவளுடைய மனுவைக் கிடப்பில் போடக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் நான்காம் வார்டு உறுப்பினர். பெயர் சால் பெட்ரில்லோ. அப்பா விட்டுப்போன ஈமச்சடங்கு நிலையத்தை நடத்திக்கொண்டே அரசியலும் பார்த்தேன். இரண்டு வேலைக்கும் ஒரே கறுப்புக் கோட்டு போதும் என்பது ஒரு வசதி. எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதாக என் வாடிக்கையாளர் எவரும் இதுவரை சொன்னதில்லை என்பது இன்னொன்று.

ரோனி அப்போது உறுப்பினர்கூட இல்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். மூன்றாம் வார்டுக்காரி. அந்த வார்டு ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடம். போலந்திலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள், கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைக்கு மணல் ஏற்றி வரும் சரக்கு ரயில் ஃபவுண்ட்ரி தெருவை மறித்துக்கொண்டு நின்றால் நின்றதுதான். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இருப்பவன் அந்தப் பக்கம். அப்படி ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தபோதுதான் வால்ட் செப்பானிக்கின் வீட்டில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டே கேட்டுக்கு வெளியே நின்றது. ரயில் நகர்ந்து, வண்டி உள்ளே போனபோது வால்ட்டின் அப்பா இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்தது நான்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ரோனி வந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதைக்கு மேல் ஒரு பாலம் வேண்டும் என்றாள். தலைமையில் இருந்தவர் பேட் டனகி. கட்சியும் அவர்தான், நகரமும் அவர்தான் என்றிருந்த காலம்.

"இங்க பாருங்கம்மா, ரயில்வே கம்பெனி எங்களுக்குக் கீழ இல்ல" என்றார் டனகி.

"அது பரவால்லங்க. நீங்க கம்பெனிக்குக் கீழ இருக்கீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். டனகியின் கழுத்து சிவந்தது. மனுவை 'பரிசீலனைக்கு' அனுப்பினோம். அடக்கம் செய்வதை நகரமன்றத்தில் அப்படித்தான் சொல்வோம்.

அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தேர்தலில் நின்றாள். அவளுக்காக வீடு வீடாக ஏறியவன் வால்ட். உலை வேலை பார்க்கும் ஆள், கதவு நிறைய உடம்பு, கட்டைக் குரல். "இவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கா. யார் யாருக்கு என்ன பேசறீங்கன்னு எல்லாம் இவளுக்குத் தெரியும். ஓட்டுப் போடாம இருந்துதான் பாருங்களேன்" என்று படிக்கட்டில் நின்று சிரிப்பானாம். டனகி நிறுத்திய ஆள் மண்ணைக் கவ்வினான்.

உறுப்பினராகி வந்த முதல் மாதமே ஒரு காலையில் என் கடைக்கு வந்தாள். அடக்கத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "வகிடு இடது பக்கம். அவரு இடது பக்கம்தான் எடுப்பாரு" என்றாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சால், பாலத்துக்கு உங்க ஓட்டு வேணும். உங்களுக்கு என்ன வேணும்?"

பன்னெடுங்காலம் அரசியலில் இருந்தவர்களே அந்தக் கேள்வியை இப்படி வெளிப்படையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நீச்சல் குளம்" என்றேன். "எங்க வார்டுப் பசங்க கோடையில கால்வாயிலதான் குதிக்கறாங்க. அதுல மூழ்கினவங்களை நான்தான் கழுவி எடுக்கறேன். அந்த வேலை எனக்கு வேண்டாம்."

"இதை ஏன் கூட்டத்துல சொல்லல?"

"சொன்னா குடுத்துடுவாங்களா?"

"சரி, குளம் முதல்ல. அப்புறம் பாலம்."

"குளத்தை வாங்கிக்கிட்டு நான் கையை விரிச்சுட்டா?"

"எங்க போயிடுவீங்க சால்? உங்க தொழிலுக்கு மூணாவது வார்டும் வேணுமில்ல?"

குளம் வந்தது. அதற்குப் பிறகு பாலமும் வந்தது, ரயில்வேயோடு வருடக்கணக்கில் வழக்காடி, டனகியின் ஆட்களை ஒவ்வொருவராக அவளிடம் இழுத்து. ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. உங்களுக்கு என்ன வேணும்? சிலருக்குத் தெருவிளக்கு, ஒருவருக்கு மருமகனுக்கு வேலை. மருமகனுக்கு வேலை இல்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அந்த வார்டுக்கு ஒரு நூலகம் தந்து சரிக்கட்டினாள். டனகி ஓய்வெடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குப் போனபோது மேயர் நாற்காலிக்கு வேறு யார் பெயரும் அடிபடவில்லை. அவள் ஜெயித்த மாலை, தேவாலயத்துக்குக் கீழே உள்ள மண்டபத்தில் அக்கார்டியன் வாசித்தார்கள். வால்ட் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். அவள் கணவன் எட், "டேய், மெதுவாடா, இருக்கற மேயர் ஒண்ணுதான்" என்று பின்னாலேயே ஓடினான்.

மேயரான மறு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையை மூடினார்கள். பாதி நகரம் வீட்டில் உட்கார்ந்தது, வால்ட் உட்பட. ரோனி வாராவாரம் தலைநகருக்குப் போய் கவர்னர் அறைக்கு வெளியே உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ கிடைத்தது. ஒரு குழாய்த் தொழிற்சாலை, கொஞ்சம் சாலை வேலை. வால்ட்டுக்கு நகராட்சிப் பனிவண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ஒருநாள் திரும்பி வரும்போது காரில் சொன்னாள்:

"சால், அந்த வெளி ரூம் நாற்காலியில உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. உள்ள இருக்கற நாற்காலி எப்படியிருக்கும்னு பாக்கணும்."

பார்க்கவில்லை, கவர்னர் தேர்தலில் நின்ற முதல் முறை. நகரங்களில் ஜெயித்தாள்; வடக்கே கவுண்டிகள் என்கிற பால்மாட்டு மாவட்டங்களில் துடைத்து எடுத்துவிட்டார்கள். பட்டணத்துக்காரி என்பதால் 'டிராம் வண்டிக்காரி' என்று அங்கே அவளுக்குப் பெயர். எங்கள் ஊரில் டிராம் நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது, அது வேறு விஷயம். தோற்ற மறுநாள் காலை எனக்குப் போன் செய்தாள்.

"சால், மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல் கிடையாதாமே, உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மனுஷங்க பல்லுதான் தெரியும்."

"எனக்கும் இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. காருக்குப் பெட்ரோல் போட்டு வை."

அடுத்த தேர்தல் வரை ஒவ்வொரு கோடையும் கவுண்டிச் சந்தைகளுக்குப் போனோம். என்னிடம் இருந்தது துக்க வீட்டாரை ஏற்றிப்போகும் நீளமான கறுப்புக் கார். நாங்கள் வருவதைப் பார்த்து விவசாயிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து ரோனி இறங்கி, "யாரும் சாகலைங்க, ஓட்டுக் கேக்கத்தான் வந்திருக்கோம்" என்பாள். அதைவிட நல்ல அறிமுகம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. ஆப்பிள் பணியாரமும் வறுத்த சோளமும் தின்று எனக்குத் தொப்பை போட்டது. அவள் வைக்கோல் விலை கேட்டாள், பால் விலை கேட்டாள், பள்ளிப் பேருந்து எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டாள். கேட்டதை மறக்கவுமில்லை.

ஹாரோ கவுண்டியில்தான் ஆர்வில் ஹேக்கைச் சந்தித்தோம். மாநில செனட்டர், பால்பண்ணைக்காரர், மூங்கில் மாதிரி ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் மென்று பார்ப்பார். ரோனியை அவருக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன், ஏனென்றால் தன் கவுண்டியின் பெருமையைக் காட்ட அவரே கூட்டிப்போனார்.

"ஸ்டோன்லீ காப்பகம். மாநிலத்தோட நிறுவனம். எங்க கவுண்டியில பாதிப்பேரு சாப்பாடு இதுலதான்."

குன்றின் மேல் சிவப்புச் செங்கல் கட்டடம், முன்னால் நன்றாக வெட்டிய புல்தரை. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தவர்களை, சிறுவயதிலேயே குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம். எங்கள் ஊரிலிருந்தும் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

உள்ளே ஒரு நீண்ட கூடம். சுவரோரம் பெஞ்சுகள். சாம்பல் நிறச் சட்டைகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செய்ய ஒன்றும் இல்லை. சிலர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கழுவித் துடைத்தும் போகாத மூத்திர வாடை. வேலைசெய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு தாதி அத்தனை பேருக்கு ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் எழுந்து வந்து ரோனியின் கோட்டுக் கையைப் பிடித்தான்.

"வீட்டுக்கா?" என்றான்.

"அது லெஸ்டர். யார் வந்தாலும் அதையேதான் கேப்பான்" என்றாள் தாதி.

"வீட்டுக்கா?" என்று மறுபடி கேட்டான். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டான்.

ரோனி அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள், பிறகு வெளியே வந்தாள்.

கார் குன்றிலிருந்து இறங்கியது. பிறகு, "ஒருத்தரைப் புதைக்கறதுக்கு முன்னாடி செத்துட்டார்னு டாக்டர் சர்டிபிகேட் கேப்ப இல்ல?" என்றாள்.

"கேக்காம எப்படி?"

"அங்க கேக்கல சால்."

அந்த வருடம் மறுபடி போட்டியிட்டபோது நான் ஒன்றுதான் சொன்னேன். ஸ்டோன்லீ பற்றி ஜெயிக்கும்வரை வாயைத் திறக்காதே என்றேன். அவள் நேராக ஹேக்கின் மாட்டுக்கொட்டகைக்கே போனாள். பால்கறக்கும் நேரம்.

"செனட்டர், நான் ஜெயிச்சா ஸ்டோன்லீயை மூடுவேன். அவங்களைச் சின்னச் சின்ன வீடுகள்ல, ஊருக்குள்ள குடிவைப்பேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

ஹேக் வாளியைக் கீழே வைத்தார். "அப்படின்னா எங்க கவுண்டியில உங்களுக்கு ஒரு ஓட்டு விழாது."

"தெரியும். அதான் முன்னாடியே சொல்றேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்படித் தோக்கறதுக்காக என்கிட்ட வந்து நின்னவங்க யாரும் இல்லம்மா" என்றார்.

ஹாரோவில் தோற்றாள். மாநிலத்தில் ஜெயித்தாள். கடையை என் மகளிடம் விட்டுவிட்டு நானும் அவளோடு தலைநகருக்குப் போனேன். அவள் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெரிய பட்டம் இருந்தது. உண்மையில் என் வேலை அவளுக்கு வரும் கோபமான போன்களை எடுப்பது. துக்க வீட்டில் பழகியவனுக்கு அது ஒன்றும் கடினமில்லை.

ஸ்டோன்லீ மசோதாவை ஹேக் செனட்டில் இரண்டு முறை நிறுத்தினார். மூன்றாவது முறை ரோனி மறுபடி கொட்டகைக்குப் போனாள். இந்த முறை பழைய கேள்வியைக் கேட்டாள். அவர் மென்று மென்று பதில் சொன்னார். அந்தக் கட்டடத்தில் ஒரு தாதியர் கல்லூரி வேண்டும். இப்போது வேலைசெய்கிறவர்களுக்குப் புதிய வீடுகளில் அரசு வேலை வேண்டும், ஒருத்தர் விடாமல்.

"அந்தத் தாதிமாரை விட்டா அவங்களைத் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க? அது உங்களுக்காக இல்ல, எனக்கே வேணும்" என்றாள் ரோனி. கைகுலுக்கினார்கள். மசோதா நிறைவேறியது.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. வீடு பார்க்கப் போன இடமெல்லாம் ஒரே பேச்சு. நல்ல காரியம், மனசார வாழ்த்துகிறோம், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம். மேயர்கள் போன் செய்தார்கள், பாதிரியார்கள் போன் செய்தார்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். ஒரு காலை நான் அந்தச் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்தபோது ரோனி கையை நீட்டி நிறுத்தினாள்.

"போதும். ஃபவுண்ட்ரி தெருவுல யான்கோவிச் வீடு காலியா இருக்கில்ல?"

"ரோனி, அது உன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி."

"அதான்."

"வால்ட் வீட்டுக்குப் பக்கத்து வீடு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமையே வால்ட் கூட்டம் கூட்டினான். பூசை முடிந்து, தேவாலயத்துக்குக் கீழே அதே மண்டபத்தில். ரோனி காவலர்களை வெளியே காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கணவன் எட்டோடும் என்னோடும் உள்ளே வந்தாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க புள்ளைங்க அந்தத் தெருவுலதான் விளையாடுது!" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?" என்றான் இன்னொருவன். "பெரிய ஊர்ல உன் கவர்னர் மாளிகை இருக்கே, அங்க வச்சுக்கயேன்!" கைதட்டல். ரோனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் வால்ட் எழுந்தான். அவன் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கப்பா செத்தப்போ முதல்ல எங்க வீட்டுப் படியேறினவ நீ. அன்னிலேருந்து உனக்காக நான் ஏறாத படி கிடையாது. இதே இடத்துல உன்னைத் தோள்ல வச்சு ஆடினேன். இப்ப என் பக்கத்து வீட்டுக்கு யாரைக் கொண்டுவரப் போறேன்னு நான் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா, ரோனி? ஒரு வார்த்தை கேட்டியா என்னை?"

"கேக்கல" என்றாள். "கேட்டிருக்கணும். அது என் தப்பு, வால்ட்."

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"ஆமா. அப்பவும் நான் இதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனாலும் உன் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கணும்."

மண்டபம் முணுமுணுத்தது. அவள் குரலை உயர்த்தாமல் எல்லோருக்குமாகப் பேசினாள்.

"நம்ம வார்டைப் பத்தி மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? யாரும் நம்மளைத் திட்டினதே இல்ல. நியாயமான கோரிக்கைம்மா, பார்க்கலாம்மான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. இப்ப அதே மாதிரி நல்ல வார்த்தை சொல்லி அந்த ஆளுங்களைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்க. அவங்க ஆறு பேரு. ஒருத்தன் பேரு லெஸ்டர். வீட்டுக்குப் போலாமான்னு கேட்டுக்கிட்டே நாப்பது வயசாயிடுச்சு அவனுக்கு."

"கையைத் தூக்குங்கப்பா, ஓட்டெடுப்போம்" என்று யாரோ கத்தினார்கள். கைகள் எழுந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவள் கணவன் எட்டும், காபி ஊற்றிய ஒருத்தியும் தவிர எல்லாக் கையும் எதிராக.

ரோனி வெளிறிப்போயிருந்தாள். "பாத்துட்டேன்" என்றாள். "இது ஓட்டெடுப்பு விஷயம் இல்ல. ஒருத்தர் ஒரு தெருவுல குடியிருக்கலாமான்னு மத்தவங்க ஓட்டுப் போட ஆரம்பிச்சா, நம்ம தாத்தனுங்களை இந்த ஊருக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. வர்ற மாசம் அவங்க குடிவராங்க."

வால்ட் தொப்பியை எடுத்துக்கொண்டான். "அடுத்த தேர்தல்ல உனக்கு எதிரா வீடு வீடா ஏறுவேன்."

"ஏறு. உன்ன மாதிரி ஏற இந்த மாநிலத்துலயே ஆள் கிடையாது. எனக்குப் பயமே அதுதான்."

அவன் சிரிக்கவில்லை. திரும்பும்போது காரில் ரோனி கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எட் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். "இனிமே மதுக்கடையில எனக்கு எவனும் பீர் வாங்கித் தரமாட்டான். உன்னைக் கட்டினதுல கிடைச்ச ஒரே லாபம் அதுதான், அதுவும் போச்சு" என்றான். அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் ஆறு பேரும் குடிவந்தார்கள். ஹாரோவிலிருந்து அந்தத் தாதியும் வந்தாள். தெருவில் யாரும் கல்லெறியவில்லை, யாரும் கதவைத் தட்டவும் இல்லை. திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டார்கள். எட் மட்டும் ஞாயிறுதோறும் போய் அவர்களோடு சீட்டாடினான். லெஸ்டர் ஏமாற்றுகிறான் என்று எனக்குப் போனில் புகார் சொன்னான்.

முதல் பெரிய பனி விழுந்த காலையில் என் மேசையில் போன் அடித்தது.

"சால், அவளைக் கூப்பிடு" என்றது கட்டைக் குரல்.

"வால்ட்டா? கவர்னர் கூட்டத்துல இருக்காங்க. என்கிட்ட சொல்லு."

"அந்த லெஸ்டர் பய துணி ஷூ போட்டுக்கிட்டு குப்பைத்தொட்டியை இழுத்துக்கிட்டுப் போறான்யா! பனி முழங்கால் வரைக்கும் கிடக்கு. ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடுக்கத் துப்பில்லாத உங்களுக்கெல்லாம் எதுக்கு அரசாங்கம்?"

"இன்னிக்கே அனுப்பறோம், வால்ட்."

"ஒண்ணும் அனுப்ப வேண்டாம். என் பழசைக் குடுத்துட்டேன். அவனுக்குப் பெருசு, உள்ள ரெண்டு காலுறை போட்டு விட்டிருக்கேன். உங்க லட்சணத்தைச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்." போனை வைத்துவிட்டான்.

நான் ஓடிப்போய் ரோனியிடம் சொன்னேன். அவள் நிதியமைச்சரை அப்படியே நிறுத்திவிட்டு, என்னை வார்த்தை மாறாமல் மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு, "இனிமே வால்ட் கூப்பிட்டா எனக்கே குடு" என்றாள்.

அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பின்வாசல் படிக்குக் கைப்பிடி இல்லை, வயதானவர் ஒருத்தர் வழுக்கி விழப் பார்த்தார். தினமும் டப்பா சூப் ஊற்றுகிறார்கள், மனுஷன் தின்பானா அதை. வெந்நீர் அடுப்பு ராத்திரி அணைந்துபோகிறது, சரிசெய்ய வருகிறவன் ஒரு வாரம் கழித்து வருகிறான். ஒவ்வொரு முறையும் அவளைத் திட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். முடிக்கும்போது, "இதுக்காக உனக்கு ஓட்டுப் போடுவேன்னு நினைக்காதே" என்பான். அவள் "நினைக்கல" என்பாள். போனை வைத்ததும் அதிகாரிகளைக் கூப்பிடுவாள். வால்ட் சொன்ன கைப்பிடி மாநிலம் முழுக்க அந்த வீடுகளுக்கெல்லாம் போனது. பூட்ஸ் போனது. ஒவ்வொரு வீட்டிலும் அங்கேயே சமைக்க வேண்டும் என்று உத்தரவு போனது. மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக இடம் கொடுக்கத் தொடங்கின. கவர்னர் தெருவிலேயே ஒரு வீடு இருக்கும்போது மறுக்க அவர்களுக்கு வாய் வரவில்லை.

தேர்தல் வந்தது. வால்ட் சொன்ன சொல் தவறவில்லை. வார்டு முழுக்க ஏறி இறங்கி, எதிராளிக்கு ஓட்டுக் கேட்டான். ரோனி மயிரிழையில் ஜெயித்தாள். ஹாரோ கவுண்டியில், ஹேக் ஒரு வார்த்தைகூட யாருக்கும் சொல்லாமலே, ஜெயித்தாள். மூன்றாம் வார்டில் தோற்றாள். நகர அரசியலுக்கு வந்த நாளிலிருந்து சொந்த வார்டில் அவள் தோற்றது அதுதான் முதல் முறை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அறை முழுக்க நின்றார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் வால்ட் போன் செய்தான். நான் அதே அறையில் இருந்த இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்தான்.

"தோத்துட்டியே" என்றான்.

"ஜெயிச்சுட்டேன், வால்ட்."

"இங்க தோத்துட்ட."

"ஆமா. இங்க தோத்துட்டேன். வலிக்குதுடா."

"நான் சொன்னதைச் செஞ்சேன்" என்றான்.

"நானும்தான்."

"ம்." தொண்டையைக் கனைத்தான். "சரி, அதை விடு. இங்க கூரை ஒழுகுது. லெஸ்டர் படுக்கைக்கு நேர் மேல. இப்போதைக்கு என் வீட்டு சோபாவுல படுக்கச் சொல்லியிருக்கேன். ஆளு என்னமா குறட்டை விடறான் தெரியுமா? சீக்கிரம் ஆளை அனுப்பு."

ரோனி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அனுப்பறேன்" என்றாள். "ஆனா ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா! உன்னையெல்லாம் எவன்டி தேர்ந்தெடுத்தான்?"

"உனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஸ்டோன்லீயை ஒரே நாளில் மூட முடியவில்லை. பகுதி பகுதியாகக் காலிசெய்து, இரண்டாவது பதவிக்காலம் முடியும் தறுவாயில், ஒரு வசந்தகாலக் காலையில் கடைசிப் பேருந்து வந்து நின்றது. ஒரு பக்கக் கட்டடத்தில் ஏற்கெனவே தாதியர் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. மாணவிகள் ஜன்னல்களில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேக் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உரை எதுவும் வேண்டாம் என்று ரோனி சொல்லியிருந்தாள்.

எல்லோரும் ஏறியாயிற்று. ஒரு பெண் மட்டும் வாசலிலேயே நின்றாள். எங்கள் வயது இருக்கும். பெயர் மார்த்தா என்று ஒரு தாதி சொன்னாள். கையில் ஒரு பெட்டி. ரோனி போய் அதை வாங்கிக்கொண்டாள். தூக்கியதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லாததுபோல அவ்வளவு லேசாக இருந்திருக்கிறது.

"நீ யாரு?" என்றாள் மார்த்தா.

"ரோனி."

"என்ன வேலை பாக்கற?"

"இப்போதைக்கு கவர்னர்."

மார்த்தா யோசித்தாள். "நல்ல வேலையா?"

"சில நாள்" என்றாள் ரோனி. "இன்னிக்கு நல்லா இருக்கு."

"எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்."

"கேட்டுப் பாக்கலாம், வா."

இருவரும் படியேறினார்கள். ரோனி பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்குவாள் என்று நாங்கள் நின்றோம். இறங்கவில்லை. மார்த்தா ஜன்னலோரம் உட்கார, இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பேருந்து கிளம்பியது. காவலர்கள் "கவர்னர்! கவர்னர்!" என்று பின்னால் ஓடினார்கள். ஹேக் தன் வாழ்நாளில் முதல் முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மாவுக்கு எங்க போகணும்னு தெரியுமா?" என்றார்.

"பேருந்துக்குத் தெரியும்" என்றேன்.

அரசாங்கக் காரில் அவசரமாக ஏறி நாங்கள் பின்தொடர்ந்தோம். குன்றிலிருந்து இறங்கும் பாதையில் இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம், ஈரமாக, கறுப்பாக. முன்னால் போகும் பேருந்தின் பின் கண்ணாடியில் அவர்கள் இருவரின் தலை தெரிந்தது. மார்த்தா விரலை நீட்டி வெளியே எதையோ காட்டிக்கொண்டே வந்தாள், மாடா, மரமா, வேலியா தெரியவில்லை. ரோனி ஒவ்வொன்றுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.